லுப்வாமாவின் வாய்

லுப்வாமாவுக்குக் காலில் சக்கரம். ஓரிடத்தில் உட்கார வராது. உகாண்டாவின் கம்பாலாவில், காட்வே பகுதி வீடியோ கொட்டகைக்குள் மைக்கைப் பிடித்துவிட்டால் அந்தச் சக்கரம் வாய்க்கு ஏறிவிடும். திரையில் சீனாக்காரர்கள் சீன மொழியில் அடித்துக்கொள்வார்கள். இவன் ஊர் பாஷையான லுகாண்டாவில் கதை சொல்வான். வில்லனுக்கு மாமியார் தொல்லை, கதாநாயகனுக்குப் பல்வலி என்று படத்தில் இல்லாததையெல்லாம் இழுத்துவிடுவான். ஜனம் படத்துக்கா வந்தது? இவன் வாய்க்குத்தான் வந்தது.

ஊரான் படத்துக்கெல்லாம் பேசிப் பேசி, சொந்தமாக ஒன்று எடுக்கவேண்டும் என்ற பித்து அவன் தலைக்கேறியது. கல்யாண வீடியோக்காரன் ஒருவனிடம் கெஞ்சிக் கேமரா வாங்கினான். கொட்டகை வாசலில் மரவள்ளி பொரிக்கும் நசோலோவை, தொலைந்த மகனைத் தேடும் தாயாக நடிக்க வைத்தான். பாதி முடிந்தபோது மழைவெள்ளம் வீட்டுக்குள் புகுந்து, படம் இருந்த கணினியைக் கெடுத்தது. வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தான். எண்ணெய் காய்கிறது, சீக்கிரம் எடுத்துத் தொலை என்று திட்டிக்கொண்டே நசோலோ மறுபடியும் நடித்துக் கொடுத்தாள்.

படத்தைக் கொட்டகையில் போடச் சொல்லிக் கேட்டபோது முதலாளி கயீசி மசியவில்லை. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை, எவன் பார்ப்பான் என்றார். நச்சரிப்பு தாங்காமல் ஒரு ஞாயிறு மதியத்தைக் கொடுத்தார்.

"ஆனா முதல்லேர்ந்து கடைசிவரை நீ பேசணும். ஜனம் எந்திரிச்சுப் போனா படத்தை நிறுத்திடுவேன். அப்புறம் படம் கிடம்னு என்கிட்ட வரக்கூடாது."

"இந்தப் படத்துல எல்லாரும் நம்ம பாஷையிலதான பேசுறாங்க முதலாளி. நான் எதுக்கு?"

"அவங்க வர்றதே உன் வாய்க்குத்தான்டா."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பியது. லுப்வாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிடிவாதமாக மைக்கைத் தொடாமல் நின்றான். கொஞ்ச நேரத்தில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. வாயில் என்ன மரவள்ளியா என்று பின்னாலிருந்து கேலி வந்தது. நாலைந்து பேர் எழுந்து வாசலுக்கு நடந்தார்கள். கயீசி சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

பயத்தில் பேசிவிட்டான் பாவி. தாய் போலீஸ் நிலைய வாசலில் காத்துக் கிடக்கும் இடம். அம்மாவுக்கு இங்கேயும் மரவள்ளி யாவாரம்தான் என்று ஒரு போடு போட்டான். கொட்டகை குலுங்கிச் சிரித்தது. எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். உயிரைக் கொடுத்து எடுத்த இடத்தை அவனே கேலிக்கூத்தாக்கிவிட்டான். நிறுத்தவும் துணிச்சல் வரவில்லை. ஒன்றுக்குமேல் ஒன்றாக அடித்துவிட்டுக்கொண்டே போனான்.

பிறகு நசோலோ மகனின் சட்டையைத் துவைக்கும் இடம் வந்தது. நேற்றுத் துவைத்த அதே சட்டை. நனைந்த துணியிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்கிறாள். லுப்வாமா மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

முன்வரிசையில் இருந்த மோட்டார்சைக்கிள் டாக்சிக்காரன் திரும்பினான். லுப்வாமா பேசும் படம் ஒன்றைக்கூட விடாதவன் அவன். கண் கலங்கியிருந்தது.

"யோவ், கொஞ்சம் வாயை மூடேன்யா. அந்தம்மா என்ன சொல்லுதுன்னு கேக்கணும்."

அந்தக் கொட்டகையில் லுப்வாமாவை வாயை மூடச் சொன்னவர் அதுவரை யாருமில்லை. மைக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். படம் முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.