மாமாவுக்குச் சட்டை அளவெடுத்த ஊர்

எனக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, இறந்துபோன நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் கைகால் சுகத்தோடு, நல்ல பேரோடு இருக்கின்றன. அதைச் சொல்லிவிட்டுத்தான் நான் எதையும் ஆரம்பிப்பேன்.

போன மாதம் மூத்த பேரன் தன் கூட்டாளிகள் மூன்று பேரோடு கோவில்பட்டியிலிருந்து காரிலேயே ஹைதராபாத் வரை போனான். தங்கின ஓட்டலைப் போட்டோ எடுத்து அனுப்பி, "ஆச்சி, இப்படி ஒரு ஊரை நீ கனவுலயாவது பாத்திருக்கியா?" என்று கேட்டிருந்தான். பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதில், டிராக்டரில் வந்து பார்த்தேன்.

அப்போது எங்கள் ஊரில் டிராக்டர் கிடையாது. அய்யாவும், பங்காளி முறையில் எனக்குச் சின்னையாவும், அம்மாவுக்குத் தம்பி முறையான மாமாவும் ஒன்றாக மாடு மேய்த்து வளர்ந்த சேக்காளிகள். மைசூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டக்காரர் பழைய டிராக்டரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அய்யாவும் சின்னையாவும் உழவு மாடுகள் அத்தனையையும் விற்றுவிட்டார்கள். மாமாவுக்கு நிலமும் இல்லை, மாடும் இல்லை. ஆனால் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். மூன்று பேரில் வண்டி ஓட்டத் தெரிந்தது அவருக்கு மட்டும்தான். அதுதான் அவர் பங்கு.

ஆவணி பாதி கடந்திருந்தது. புரட்டாசியில் மழை விழுந்தால் கரிசலில் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். டிராக்டரும் அதை ஓட்ட ஓர் ஆளும் அதற்குள் ஊர் வந்து சேராவிட்டால் இரண்டு வீட்டு நிலமும் அந்த வருஷம் தரிசுதான்.

அம்மா பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். பெரியம்மா வீட்டில் இருக்க மாட்டேன் என்று நான் அழுத அழுகையில் அய்யா என்னையும் கூட்டிக்கொண்டார். போகும்போது ரயில். வரும்போது டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் நான், மகாராணி மாதிரி.

அய்யாவுக்கும் சின்னையாவுக்கும் அதை மாடாகத்தான் நடத்தத் தெரிந்தது. உச்சி வெயிலில் புளிய மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, "மூச்சு வாங்குது, கொஞ்சம் ஆறட்டும்" என்பார் அய்யா. பொழுது சாயும்போது, தங்குகிற ஊரில் ஒரு பெரிய மனிதரைத் தேடிப்பிடித்து, இங்கே வண்டியை அவிழ்த்துப் போட்டுக்கொள்ளலாமா என்று உத்தரவு கேட்டபிறகுதான் எஞ்சினை அணைக்க விடுவார். கன்னடம் பேசுகிற ஊரிலும் கையைக் காட்டியே கேட்டார்.

திம்பம் மலை இறங்கும்போது பிரேக்கில் பிடிமானம் குறைந்துவிட்டது. மாமா முதல் கியரிலேயே ஊர்ந்து வந்தார். சின்னையா ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு, பாரவண்டிக்கு முட்டுக் கொடுக்கிறவர் போல, இருபத்தேழு வளைவும் சக்கரத்தை ஒட்டி நடந்தே இறங்கினார்.

எதிரே வந்த லாரிக்காரன் சிரித்தான். "அண்ணே, கல்லை வண்டியில வச்சுட்டு நீங்களும் ஏறிக்கலாமில்ல?"

"நீ போலே. மாடுன்னா சொன்ன பேச்சு கேக்கும். இது கேக்குமா?" என்றார் சின்னையா, மூச்சிரைக்க.

பிரேக்கைச் சரிபண்ணக் கோயம்புத்தூருக்குப் போனோம். பட்டறைக்காரர் இரண்டு நாள் ஆகும் என்றார். அடுத்தவர் தொழுவில் மாட்டைக் கட்டினால் உடையவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அய்யா பட்டறையிலேயே துண்டை விரித்துவிட்டார். சின்னையா கால் கொப்புளத்தோடு லாட்ஜில் படுத்துவிட்டார். ஊரைப் பார்க்க மிஞ்சியது மாமாவும் நானும்தான்.

அது ஊரா! குழாயைத் திருகினால் சீனி போட்டது போலத் தண்ணீர். எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எனக்கு, கை கழுவவே மனசு வரவில்லை. ஒரு காப்பிக் கடையில் நாலு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. திரும்பின பக்கமெல்லாம் நானும் மாமாவும் உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம். சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் பெண்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். தலையில் பூ, கையில் தூக்குச் சட்டி, யாருக்கும் பயப்படாத சிரிப்பு. ஒரு அம்மா தானே கார் ஓட்டிக்கொண்டு போனார். இவ்வளவு நல்லா வாழ முடியுமா மனுஷர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அந்த ஊரை நான் குறையாகப் பேச மாட்டேன்.

அந்தக் காப்பிக் கடை வாசலில் கப்பல் மாதிரி ஒரு கறுப்புக் கார் கிளம்பாமல் நின்றது. உள்ளே ஒரு மில் முதலாளி. மாமா மூடியைத் திறந்து எதையோ தட்டி, எதையோ முறுக்கினார், கிளம்பிவிட்டது. "வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்துருங்களே. வழியில நின்னுட்டா என்னங்க பண்றது?" என்றார் முதலாளி.

நான் பின் ஸீட்டில் உட்கார்ந்தேன். மெத்தை இடுப்பளவு அமுங்கியது. இருபுறமும் மரம் வைத்த அகலமான ரோட்டில் மாமா ஓட்டினார். டிராக்டரில் கூனிக்கொண்டு உட்காருகிற மனிதர் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கார் தண்ணீர் போலப் போயிற்று. மாமாவுக்கு இவ்வளவு அழகான முகமா என்று நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். பங்களாவில் நான் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளியும் மாமாவும் வராந்தாவில் வெகுநேரம் பேசினார்கள்.

மறுநாள் காலையில் மாமா எனக்கு இரண்டு குச்சி ஐஸ் வாங்கித் தந்தார். "அய்யாகிட்ட சொல்லிராத தாயி, தொண்டை கட்டும்னு என்னை ஏசுவாவ." அப்புறம் ஒரு தையல் கடைக்குப் போனோம். முதலாளி வீட்டு ஆள் ஒருவர் அங்கே காத்திருந்தார். தையல்காரர் மாமாவின் தோளையும் கையையும் அளந்தார். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை, இரண்டு. ஊருக்கு டிராக்டரோடு போய் இறங்கும்போது போடத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். சட்டையைச் சொல்லாதே என்று மாமா சொல்லவில்லை.

அதனால் மத்தியானம் பட்டறைக்குப் போனதும் ஐஸை விழுங்கிவிட்டுச் சட்டையைச் சொன்னேன். கண்ணாடிக் கடை, கார், மீன் தொட்டி, பித்தளைப் பொத்தான், எல்லாம் ஒரே மூச்சில். அய்யா பிரேக்கை மாட்டுகிற ஆளுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். விளக்கு கொஞ்சம் இறங்கியது. பட்டறைக்காரர் ஏசவும் திரும்ப உயர்த்திப் பிடித்தார்.

"வெள்ளைச் சட்டையா?"

"ஆமாய்யா. மாமாவுக்கு நல்லா இருக்கும்."

"இருக்கும் இருக்கும்" என்றார் அய்யா.

மாமா உள்ளே வந்தபோது அவர் கேட்டது இது ஒன்றுதான்: "மாப்ளே, சாயந்தரம் எனக்கு ஓட்டப் படிச்சுக் குடுடே."

"எதுக்கு அத்தான்? நாந்தான் இருக்கேன்லா?"

"இருக்கே. எனக்கும் தெரிஞ்சிருக்கட்டும்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தன் பாதத்தைப் பார்த்தார்.

சாயங்காலமும் மறுநாள் விடியலிலும் ஒரு மைதானத்தில் படிப்பு நடந்தது. வண்டி வேகம் பிடித்தால் அய்யா பிரேக்கை மறந்து, "ஓ... ஓ... நில்லு, நில்லு!" என்று மாட்டை அதட்டுவது போல அதட்டினார். சின்னையா கொப்புளக் காலோடு கூடவே நொண்டி ஓடி, "கயித்தை இழுத்துப் பிடிண்ணே!" என்று கத்தினார். பந்து விளையாட வந்த பையன்கள் விளையாட்டை விட்டு இதை வேடிக்கை பார்த்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அய்யாவின் பாதத்தைத் தன் கையால் பிடித்து, கிளச்சில் வைத்து, எடுத்து, வைத்து, குழந்தைக்கு நடை பழக்குவது போலச் சொல்லிக் கொடுத்தார்.

அய்யா ஓட்ட, பட்டணத்து எல்லை வரைக்கும் மாமா மட்கார்டில் உட்கார்ந்து வந்தார். ஒரு டீக்கடைப் பக்கம் வந்ததும், நிறுத்தச் சொல்லாமலே குதித்து இறங்கினார். "நீங்க போய்ட்டே இருங்க அத்தான். நான் பின்னால பஸ்ஸுல வாரேன்" என்றார்.

"சரிடே" என்றார் அய்யா.

ஊர் வந்து சேர எங்களுக்கு ஆறு நாள் ஆயிற்று. இரண்டாம் கியருக்கு மேல் அய்யா போகவே இல்லை; சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். புரட்டாசி இரண்டாம் வாரம் மழை விழுந்தது. ஈரம் காய்வதற்குள் இரண்டு வீட்டு நிலத்தையும் அய்யாவே விதைத்து முடித்தார். உழுத சால் மட்டும் பாம்பு போனது மாதிரி கோணல், ஊரே சிரித்தது. பருத்தி நன்றாகத்தான் வெடித்தது. மாமா மறு வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் வந்தார், முதலாளி வீட்டு டிரைவர் போடுகிற அந்த வெள்ளைச் சட்டையோடு.

அன்றைக்கு டீக்கடை வாசலில் மாமா நடு ரோட்டுக்கே வந்து கையை ஆட்டிக்கொண்டு நின்றார். டிரெய்லரில் நின்று நானும் ஆட்டினேன். "அய்யா, மாமா கை காட்டுதாக, திரும்பிப் பாருங்கய்யா!" என்று கத்தினேன். அய்யா திரும்பவில்லை. மாமா புள்ளியாகி மறைகிற வரைக்கும், அதற்கு அப்புறம் இரண்டு ஊர் தாண்டுகிற வரைக்கும், கழுத்தை அசைக்காமல் முன்னாலேயே பார்த்து ஓட்டினார். புதுசாக ஓட்டுகிறவர், திரும்பினால் வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும் என்று பயப்படுகிறார், பாவம் என்று நான் நினைத்தேன்.

ஏட்டி, இங்கன வா. ஆச்சி எழுதுன இதை ஒருக்க சத்தமா வாசி, கேப்போம். அய்யா திரும்பிப் பாக்காத இடத்துல மட்டும் அவசரப்படாத.