மீட்டர்காரரின் களிமண் விரல்

இரண்டு வருடம் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் எழுதி வைத்த ஒன்றைத் தவறு என்று ஒரு மனிதன் எப்போது ஒத்துக்கொள்ள வேண்டும்? ஒத்துக்கொண்ட பிறகு, அதில் தன் பங்கு இவ்வளவு, மற்றவர் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்வதும் அவன் கடமையா? எங்கள் தெருவில் எல்லோரும் மீட்டர் என்று அழைத்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கும். பதில் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்த நாட்களும் உண்டு. அவை நீடித்ததில்லை.

அவர் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பழுதுபார்ப்பவர். வீடுகளிலிருந்து கழற்றி வந்த மீட்டர்கள் ஒரு நீள மேசையில் துருவும் பாசியுமாகக் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, பல்சக்கரத்தைக் கழுவி, ரப்பரை மாற்றி மூடுவார். பிறகு அளந்த ஒரு வாளித் தண்ணீரை அதற்குள் விடுவார். முள் ஒரு வாளி என்று காட்டினால் முத்திரை; கொஞ்சம் கூடக்குறையக் காட்டினாலும் மறுபடி பிரிப்பார். இருபத்தாறு வருடம் இதே வேலை. முள் காட்டுவதே உண்மை என்பது அவருக்குள் ஊறிப்போயிருந்தது.

"மீட்டர் வீட்டுக்குப் போனா தண்ணி கேக்காதீங்க, குடிச்ச டம்ளரை எழுதி வச்சிடுவாரு" என்று இஸ்திரிக்காரர் கிண்டல் செய்வார். மீட்டருக்குக் கோபம் வராது. "எழுதுறது தப்பா? நீ எத்தன சட்டைய எரிச்சன்னு எழுதியிருந்தா இந்நேரம் நல்லா தேய்க்கக் கத்துட்டிருப்ப" என்பார்.

மாடியில் ஒற்றை அறையும் அடுப்படியும்தான் அவர்கள் வீடு. அடுப்படிக் கதவைத் திறந்தால் நேரே திறந்தவெளி. அங்கே அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், பன்னிரண்டு தொட்டிகளில் மிளகாயும் தக்காளியும் ரோஜாவும் வளர்த்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை வைத்து அந்தச் செடிகளைப் பற்றி யாராவது உருக்கமாகப் பேச ஆரம்பித்தால் அக்கா வெடுக்கென்று சொல்வார்: "பிள்ளையா இருந்தா திட்டலாம். இதுங்களைத் திட்டி என்ன பிரயோசனம்?"

ஒரு கோடையில் உறவினர் வீட்டுக்குப் போய் எட்டு நாள் கழித்துத் திரும்பியபோது பாதிச் செடிகள் காய்ந்திருந்தன. அக்கா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே மீட்டர் ஒரு பழைய நோட்டை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார்.

அவர் செய்த கருவி எளிமையானது. விரல் அளவில் களிமண் குழல் ஒன்று, சுட்டது. உள்ளே தண்ணீர் நிரப்பி, மேலே ரப்பர் மூடி போட்டு இறுக்கி, தொட்டி மண்ணில் செருகிவிட வேண்டும். மண் காய்ந்தால் களிமண் வழியாக உள்ளிருக்கும் நீரை உறிஞ்சும். அப்போது ரப்பர் உள்வாங்கும். அது அழுத்திப் பிடித்திருந்த மெல்லிய குழாய் திறந்து, மேலே வைத்த கேனிலிருந்து தண்ணீர் சொட்டும். மண் நனைந்ததும் ரப்பர் எழும்பிக் குழாயை மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். செடியே கேட்கும், செடியே போதும் என்று சொல்லும். அதற்கு அவர் வைத்த பெயர் விரல். இந்தக் கருத்து வேறு யாருக்கும் தோன்றாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ரப்பர் மட்டும் அலுவலகப் பழக்கத்தில் வந்தது. கழித்துப் போட்ட மீட்டர் ரப்பரை வெட்டி எடுத்துக்கொண்டார். அது கெட்டியானது.

பன்னிரண்டு தொட்டிக்கும் விரல் செருகியாயிற்று. "இனிமே நீ கை வைக்காத. கை வச்சா கணக்கு கெட்டுடும்" என்று மனைவியிடம் சொன்னார். தினமும் மாலை கேனில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பென்சிலால் கோடு போட்டு நோட்டில் எழுதினார். கேன் இறங்கவே இல்லை என்று சொல்லலாம். வாரத்துக்கு இரண்டு விரற்கடை. செடிகளோ தளதளவென்று இருந்தன. மீட்டருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை காலம் மனிதர்கள் செடிக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு ஊற்றியிருக்கிறார்கள், அது கேட்டதே இவ்வளவுதான் என்று எல்லோரிடமும் சொன்னார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எட்டாத மூலையில், இரண்டு மிளகாய்ச் செடிகள் மட்டும் சோனியாக நின்றன. அவற்றுக்கு நேராக நோட்டில் "நிழல் அதிகம்" என்று எழுதியிருந்தது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அக்காவின் தம்பி பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் சிறு பட்டறை வைத்திருந்தார். இரண்டு இயந்திரங்கள், நாலு ஆட்கள். ஒருநாள் வந்து செடிகளையும் நோட்டையும் பார்த்தார்.

"மாமா, இதை இப்படியே வச்சிருந்தா எப்படி? நான் அச்சு எடுக்குறேன். மூடி, குழாய் எல்லாம் நம்ம பட்டறையிலயே போட்டுடலாம்."

"இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும் மச்சான்."

"ரெண்டு வருஷம் ஓடுனது பத்தாதா? கல்யாணத்துக்கே நீங்க இவ்வளவு யோசிக்கல."

"அதுக்கு யோசிக்க விட்டீங்களா நீங்க?"

அடுப்படியில் நின்ற அக்கா அன்று சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அதே கெட்டி ரப்பரை வைத்து ஐந்நூறு விரல்கள் செய்தார்கள். அதற்காகத் தம்பி ஓர் இயந்திரத்தை முழுவதுமாக ஒதுக்கி, வழக்கமாக மூடி வாங்குபவர்களைக் காத்திருக்கச் சொன்னார். டப்பாவுக்குள் வைக்கும் துண்டுச் சீட்டில் "வாரம் ஒரு சொம்பு போதும், கவலையில்லாமல் ஊருக்குப் போய் வாருங்கள்" என்ற வரியை எழுதிக் கொடுத்தது நான்தான். அதை எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

கோடை வந்தது. வாங்கியவர்கள் கவலையில்லாமல் ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் ஒவ்வொருவராக டப்பாவோடு மீட்டர் வீட்டுப் படியேறினார்கள். சிலர் செத்த செடியையும் தொட்டியோடு தூக்கி வந்தார்கள். தையற்கார அம்மா ஒருவர் சத்தமே போடாமல், "பதினோரு வருஷத்து ரோஜாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திட்டியவர்களின் முகமெல்லாம் மீட்டருக்கு மறந்துபோனது. இந்த அம்மாவை மட்டும் தெருவில் கண்டால் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி வந்ததில் ஒன்றை எடுத்து, புதிதாக ஒரு தக்காளி நாற்றைத் தொட்டியில் வைத்து, கட்டிலுக்கு எதிரே சன்னலோரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மண் வெடித்தது. குழாய் திறக்கவில்லை. நாற்று தலை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்து பக்கத்தில் நின்றார். அன்று நடந்ததைப் பின்னாளில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அக்காவே சொன்னார்.

"நீங்க இப்படியே பாத்துட்டு இருந்தீங்கன்னா இதுவும் செத்துடும்."

"சாகட்டும். ஏன் திறக்கலன்னு தெரியணும்."

"ஏங்க, நம்ம செடிக்கெல்லாம் நான் ஊத்துவேன்."

"எப்ப?"

"தெனமும்தான். நீங்க ஆபீஸ் போனப்புறம். காய் கழுவுன தண்ணி, பாத்திரம் அலசுன தண்ணி."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கை வைக்காதன்னீங்க, வைக்கல. உங்க விரலை நான் தொட்டதுகூட இல்ல. தண்ணிதானே ஊத்துனேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"அடுப்படியில நின்னா நேரா அதுதான் கண்ணுல படுது. வாடிப்போய் நிக்குறதைப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சாப்பிடுறது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க நோட்டைத் தூக்கிட்டு ஓடி வந்து, பாரு, ரெண்டு விரக்கடைகூட இறங்கலன்னு சிரிச்சீங்க. அப்படி நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்புறம் எப்படிச் சொல்றது?"

கெட்டி ரப்பர் லேசில் அசையாது. மண் பாறையாகக் காய்ந்தால்தான் உள்வாங்கும். அக்கா ஊற்றிய பத்துத் தொட்டிகளில் அதற்கு வேலையே வரவில்லை. அவர் கைக்கு எட்டாத மூலையில் இருந்த இரண்டு மிளகாய்ச் செடிகள்தான் உண்மையான சோதனை. அவை இரண்டு வருடமாகத் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. மீட்டர் அதற்கு நிழல் என்று காரணம் எழுதினார். அலுவலகத்து மேசையில் முள் கொஞ்சம் பிசகினால் மறுபடி பிரித்துப் பார்க்கும் மனிதர், தனக்குப் பிடித்த கணக்கு கண்ணில் பட்டதும் பிரித்துப் பார்க்கவில்லை. மனைவி மறைத்தது ஒரு பங்கு. மீதி அந்த நோட்டிலேயே இருந்தது. அவர் அன்று மாலை வெகுநேரம் அந்த நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வாரம் தம்பி வந்தார். உட்காரவில்லை.

"என்ன ஆச்சு மாமா?"

"ரப்பர் கெட்டி. அளவு எடுத்தது என் தப்பு."

"இங்க ரெண்டு வருஷம் ஓடுச்சே?"

"ஓடல. ஓடுன மாதிரி இருந்துச்சு."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மீட்டர் அவரைப் பார்க்காமலே, "தம்பிக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா" என்றார். அக்கா உள்ளே போனார். தண்ணீர் வருவதற்குள் தம்பி படியிறங்கிவிட்டார்.

காத்திருக்கச் சொன்ன வாடிக்கையாளர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டிருந்தார்கள். தம்பி ஓர் இயந்திரத்தை விற்றார், இரண்டு ஆட்களை அனுப்பினார். அக்காவின் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினார். அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு தம்பி. "அவன் ஒரு நாள் வந்து என்னைத் திட்டிட்டுப் போனாக்கூடப் போதும்" என்று எங்களிடம் சொல்வார். உண்மையைச் சொன்னால் தம்பி திரும்புவான். ஆனால் புருஷன் மூடி வைத்ததைத் திறந்தவராகிவிடுவார். மூன்று வருடம் அவர் அந்த இரண்டுக்கும் நடுவே இருந்தார். கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டதாக யாரும் கேட்டதில்லை. செடி பற்றிய பேச்சும் எழவில்லை. அக்கா பகிரங்கமாகவே ஊற்றினார். மீட்டர் அதைப் பார்த்துக்கொண்டே செய்தித்தாள் படிப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு மீட்டர் மறுபடி விரலைக் கையில் எடுத்தார். இந்த முறை மருத்துவமனைக் கையுறையின் மெல்லிய ரப்பர். செடியில்லாமல், வெறும் மண் நிரப்பிய டப்பாக்களில் பார்த்தார். திறந்தது, மூடியது. ஆனால் வெறும் மண்ணுக்கு ஓடுவது செடிக்கு ஒரு முழுக் கோடையும் ஓடுமா என்பதை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதை அவரே எல்லோருக்கும் முன்பாகச் சொன்னார்.

அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஒருநாள் தனியாகப் பட்டறைக்குப் போய்த் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தம்பி அன்று மாலையே வந்தார்.

"அக்கா சொல்லிட்டா மாமா. இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ரெண்டு பேரையும் சேத்துத் திட்டிட்டு மறுநாளே சாப்பிட வந்திருப்பேன். மூணு வருஷத்தை வீணாக்கிட்டீங்களே."

மீட்டர் தலையசைத்தார்.

"பட்டறைக்குப் பின்னால ஒரு ஷெட் காலியா கெடக்கு. வெளிச்சம் நல்லா வரும், மழை உள்ள வராது. பூட்டு போட்டு சாவியை உங்ககிட்டயே தர்றேன். யாரும் கால் வைக்க மாட்டாங்க. ஒரு கோடை ஓடட்டும். ஓடிச்சுன்னா மறுபடி நான் அச்சு எடுக்குறேன்."

"நல்ல யோசனை" என்றார் மீட்டர். அக்காவும் "போங்க, அங்கயே வச்சுப் பாருங்க. என் கண்ணுல படாம இருக்கட்டும்" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசை, எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி அனுப்பிய சிறு வண்டி வந்து நின்றது. பன்னிரண்டு புதுத் தொட்டிகள், பன்னிரண்டு நாற்றுகள், பன்னிரண்டு விரல்கள் எல்லாம் கீழே தயாராக இருந்தன. வண்டிக்காரர் பின்கதவைத் திறந்தார். மீட்டர் சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு முதல் தொட்டியைத் தூக்கினார். அதை வண்டியில் வைக்காமல் படியேறினார்.

பன்னிரண்டையும் அவரே ஏற்றினார். வண்டிக்காரர் உதவிக்கு வந்தபோது "வேணாங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றார். மூலையில் ஒன்றுகூட வைக்கவில்லை. எல்லாவற்றையும் அடுப்படிக் கதவுக்கு நேராக, எட்டும் தூரத்தில், இரண்டு வரிசையாக வைத்தார். விரல்களைச் செருகி, கேனை நிரப்பி, கோடு போட்டார். மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மீட்டர் ஊற்று என்றும் சொல்லவில்லை, ஊற்றாதே என்றும் சொல்லவில்லை.

"அக்கா கண்ணு முன்னாலயே வச்சா என்ன தெரியப்போகுது மாமா?" என்று தம்பி போனில் கேட்டார். "இங்கயே இருக்கட்டும் மச்சான்" என்றார். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும், யார் கேட்டும், அவர் எதுவும் சொல்லவில்லை.