மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு ஓடியவள்

பிலோமினா இறந்த செய்தி வந்தபோது நான் அவளுக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். மார்கழி மாதத்துச் சனிக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஸ்ரீமுஷ்ணம் போகும் சாலையை விட்டு இறங்கி, வாய்க்கால் கரை வழியாக மாதா கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். கரை உடைந்த இடத்தில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். செருப்பில்லாத காலோடு அதில் இறங்கியபோது இடுப்புப் பையில் போன் அடித்தது. அவள் கணவர் ஜோசப் அண்ணன். "சுமதி, பிலோமி போயிட்டாம்மா" என்றார். வயலுக்கு அப்பால் கோயிலின் இரட்டைக் கோபுரம் தெரிந்தது. போவதா திரும்புவதா என்று புரியாமல் அந்தத் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிதம்பரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "அவசரப்படாதீங்க, நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்" என்று மாணவர்களிடம் சொல்வாளே, அந்தப் பிலோமினா. நாற்பத்தைந்து வயதுக்குமேல் ஓட ஆரம்பித்தவள். போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய சிநேகிதி இல்லை. ஊர் என்னவோ ஆளாளுக்கு ஆறுதல் சொல்கிறது. எனக்கு ஆறவில்லை.

எங்கள் இருவருக்கும் சர்க்கரை இருப்பது ஒரே நாளில், ஒரே முகாமில் தெரிந்தது. தினமும் நடங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் பிலோமினா, "நடக்குறதுன்னா அது வேலைக்குப் போற மாதிரியே இருக்கும்டி. ஓடலாம்" என்றாள். கீழவீதியில் ஆரம்பித்தோம். தேர் போகிற வீதியில் இரண்டு பெண்கள் சுடிதாரும் ஷூவுமாக ஓடினால் என்ன ஆகும்? பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, யாராவது துரத்துகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் சித்தப்பா ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வந்து, "இன்னாம்மா, வீட்ல எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே செய்தி மாமியாருக்குப் போய்விட்டது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று வீட்டில் ஒரே ரகளை. எனக்கு ஓட்டம் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் மாதா கோயிலுக்கு வேண்டிக்கொண்டு நடந்து போவது வழக்கம். அதில் இந்து, கிறிஸ்தவர் என்ற கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. வேண்டிக்கொண்டு போகிறவளை எந்த வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். தடுத்தால் பாவம். "நேந்துக்கிட்டேன்னு சொல்லு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாதா கோயிலுக்கு ஓடியே வர்றேன்னு வேண்டுதல். உங்க அத்தயால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். சொன்னேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு தேங்காயை எடுத்து வந்து, "சாமி விஷயத்துல வெளயாடக் கூடாது. எம் பேர்ல இத வச்சிட்டு வா" என்றார். தேங்காயோடு ஓடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வழிகளை எல்லாம் வகுத்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜோசப் அண்ணனின் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வயல்வெளி முழுக்கச் சுற்றுவாள். தூரத்தை அவள் பார்த்ததே இல்லை. விடியற்காலையில் எந்த வீட்டில் பெண்கள் எழுந்து வாசல் தெளிக்கிறார்கள், அவசரத்துக்கு யார் வீட்டுக் கழிப்பறையில் நுழையலாம், எந்தக் களத்தில் நாய் கட்டாமல் கிடக்கிறது, இவைதான் அவள் கணக்கு. "பொம்பள ஓடுற வழின்னா கூப்பிட்டா குரல் கேக்குற தூரத்துல ஒரு பொம்பள இருக்கணும்" என்பாள். அப்படி மூன்று வழிகள் வைத்திருந்தாள். கரும்பு வயல் ஓரமாக, வாய்க்கால் கரை மேல் போவது வெயில் வழி. யாத்திரைக் கூட்டத்தோடு கலந்து போவது திருவிழா வழி. மழைக்காலத்துக்குத் தார்ச்சாலையிலேயே சுற்றிக்கொண்டு போகும் நீளமான வழி ஒன்று. கரும்பு டிராக்டர்கள் உரசிக்கொண்டு போகும் என்பதால் எனக்கு அது பிடிக்காது. ஆனால் தண்ணீர் நிற்காது.

முதலில் நாங்கள் ஷூவோடுதான் ஓடினோம். பாலத்தருகே டீக்கடையில் ஒருவர், "மாதாவுக்கு நேந்துக்கிட்டு ஷூ மாட்டிக்கிட்டுப் போறீங்களே, அது எந்த ஊர் வழக்கம்?" என்று கேட்டுவிட்டார். கேட்டது நியாயம். வேண்டிக்கொண்டு போகிறவர்கள் யாரும் காலில் எதுவும் போடுவதில்லை. அடுத்த வாரத்திலிருந்து பாலத்தடியில் ஷூவைக் கழற்றி முதுகுப் பையில் போட்டுக்கொண்டோம். கல் குத்துகிறது, எதற்கு இந்த வேஷம் என்று நான் முணுமுணுத்தேன். "பொய் சொன்னா முழுசா சொல்லணும்டி. அரகொற பொய்யிதான் நாறும்" என்றாள். அவளுக்குக் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கொண்டு வந்து, தேங்காயெண்ணெயில் உருக்கி வெடிப்பில் தடவிக்கொள்வாள். மாதா மருந்து என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. வழியில் இருந்தவர்கள் எங்களை நம்பிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை ஓர் அம்மா ஓடிவந்து கையில் உப்பும் மிளகும் கட்டிய சின்னத் துணி முடிச்சைக் கொடுத்தார். இன்னொரு நாள் ஒரு பெரியவர், மகனுக்கு விசா கிடைக்க வேண்டும் என்று மெழுகுவர்த்தி கொடுத்தார். போகப் போக ஒவ்வொரு வாசலிலும் ஏதாவது ஒன்று காத்திருக்க ஆரம்பித்தது. பம்புசெட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் அஞ்சலை அக்கா ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அவர் மகளுக்குக் குழந்தை தங்காமல் இரண்டு முறை கலைந்துவிட்டது. மூன்றாவதாக உண்டானதிலிருந்து வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. மற்ற சாமான்களை எல்லாம் யாராவது கோயிலுக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடலாம், நமக்கு மூச்சு வாங்குகிறது என்று நான் சொன்னபோது பிலோமினாவுக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. "நம்ம பொய்யி நம்மளோட சுமதி. அவுங்களுது நெசம். கீழ போட்டுற முடியுமா?" என்றாள். அதன்பிறகு கோயிலில் ஒவ்வொரு பொருளையும் கொடுத்தவர் பெயரைச் சொல்லித்தான் வைத்தாள். நான் வெளியே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். அவள் முழங்காலில் இருப்பாள். எந்த வாரத்திலிருந்து அவளுக்கு அது பொய்யில்லாமல் போனது என்று எனக்குத் தெரியாது.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. தார்ச்சாலை வழியிலேயே போ என்று போனில் சொன்னேன். அந்த வழியில் போனால் பம்புசெட்டு வராது. அஞ்சலை அக்காவின் மகளுக்கு அது பிரசவ மாதம். "அந்தக்கா காத்துக்கிட்டு இருக்கும்டி. கரை ஓரமா போயிட்டு வந்துர்றேன், தண்ணி ஜாஸ்தி இருந்தா திரும்பிடுறேன்" என்றாள். தண்ணீர் ஜாஸ்திதான். அவள் திரும்பவில்லை. நனைந்துவிடக் கூடாது என்று மெழுகுவர்த்தியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போனதாக, பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த வாரக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கும் வந்தாள். கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். ஓடுகிறவளுக்குக் கால் வலிக்காதா என்று நானும் சும்மா இருந்தேன். கண் மஞ்சளான பிறகுதான் கடலூருக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு. சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். பிறகு நுரையீரல் என்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அத்தனை குழாய்களுக்கு நடுவில் அவள் முகம் மட்டும் அவளுடையதாக இருந்தது. நான் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நின்று வேண்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் பொய்யாகச் சொன்னதை அன்றைக்கு நிஜமாகச் சொன்னேன். மாதாவே, இவளை எழுப்பிக் கொடு, வருகிற சனிக்கிழமை வெறுங்காலோடு ஓடி வருகிறேன்.

அந்த ஓட்டத்தில்தான் ஜோசப் அண்ணனின் போன் வந்தது. நான் திரும்பவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தச் செய்தி மாறிவிடும் என்பது போல முன்னைவிட வேகமாக ஓடினேன். கோயிலில் கூட்டம் இல்லை. பீடத்துக்கு முன்னால் நின்று மாதாவைத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அழுகையில் வார்த்தை சரியாக வெளியே வரவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் முதுகைத் தடவி, "வேண்டுனது கெடச்சிடுச்சாம்மா? நல்லா இரு" என்றார். நான் வெளியே வந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜோசப் அண்ணன் வாசலில் உட்கார்ந்து ஒன்று சொன்னார். "எலிக் காய்ச்சல்னாங்கம்மா. காலுல வெடிப்பு இருந்து, எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணியில நின்னா கிருமி உள்ள ஏறிடுமாம். வயல்ல வெறுங்கால்ல வேல செய்யிறவங்களான்னு டாக்டர் கேட்டாரு. இல்ல சார், ஆபீஸ் வேலன்னு சொன்னேன்." அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அதுவாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எந்தத் தண்ணீர் அவளைக் கொண்டு போனதோ அதே தண்ணீரில் நின்றுதான் நான் அவள் உயிரைக் கேட்டிருக்கிறேன். பையில் நல்ல ஷூ இருந்தது. அவள் முதுகிலும் இருந்தது, என் முதுகிலும் இருந்தது. ஊர் வாயை அடைக்க இரண்டு படித்த பெண்கள் ஷூவை முதுகில் சுமந்துகொண்டு வெறுங்காலோடு ஓடினோம். இதை யாரிடம் சொல்லி அழுவது?

ஓடி ஓடியே செத்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள். ஓட்டம் அவளைக் கொல்லவில்லை. அவளுக்குச் சர்க்கரை குறைந்திருந்தது, தூக்கம் வந்தது, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள். ஓடுவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்ததுதான் அவளைக் கொன்றது. இதை அவளைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார். "அதான் பலிக்கலியே. இனிமே எதுக்கும்மா ஓடணும்?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பிலோமினாவுக்காக அவரும் அழுதவர். என்னிடம் இனிச் சொல்வதற்குப் பொய் எதுவும் இல்லை. "நான் மாதாவுக்காக ஓடல அத்த. என்னைக்குமே ஓடல. ஓடலன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றுவரை சரியாகப் பேசவில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை என்னவென்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் நம்பிக்கை எனக்கு வரவில்லை, இனியும் வராது. அவளுடைய மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வாசலில் எப்போது விளக்கு எரியும் என்பது இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு போன சனிக்கிழமை தனியாக ஓடினேன். பாலத்தடியில் ஷூவைக் கழற்றவில்லை. டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பம்புசெட்டுக்குப் பக்கத்தில் அஞ்சலை அக்கா நின்றிருந்தார். இடுப்பில் பேரக்குழந்தை. அவர் மகளுக்குச் சுகப்பிரசவம். அந்தக் குழந்தையைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். ஒரு வேண்டுதல் பலித்து இன்னொன்று பலிக்காமல் போனதே என்கிற பொறாமை. அவர் என் காலைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஷூவோட போற? வேண்டுதல் முடிஞ்சிடுச்சா?"

"எனக்கு வேண்டுதலே இல்லக்கா. ஓடணும்னு ஆச, அதான் ஓடுறேன்."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். அவர் முகம் மாறுவது தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்தம்மா வேண்டுதல்?"

"அவுங்க நெசமாத்தான் போனாங்கக்கா" என்றேன்.