கருப்பியும் வெள்ளையம்மாவும்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளால் தன் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாளைக் கடத்த முடியாது. கடைச் சுவரெல்லாம் கண்ணாடி. போதாததற்கு மேஜைமேல் சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடி வேறு. வருகிறவர்களுக்கு ஃப்ரேமை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் இடிக்கிறதா, மூக்கில் வழுக்குகிறதா என்று அவள் குனிந்து பார்க்கும்போதெல்லாம் அவர்கள் முகத்துக்குப் பக்கத்தில் அவள் முகமும் வந்து நிற்கும். பாலாய் வெளுத்த முகம். வெயில் பட்ட இடம் மட்டும் செக்கச்செவேலென்று.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. பிறந்தபோது நல்ல கருப்பு. ஆசை ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூடத்துப் பதிவோடு நின்றுபோனது. வீட்டில் அவள் கருப்பிதான். "கருப்பி, எந்திரி." "கருப்பி, மழை வருது பாரு, துணிய எடு." அம்மா அதட்டிக் கூப்பிட்டாலும் அந்தப் பெயரில் ஒரு கொஞ்சல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், கழுத்தில் பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. வெண்புள்ளி, ஒட்டாது, உடம்புக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். உடம்புக்கு இல்லைதான். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அப்புறம் பேசலாம் என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. புள்ளிகள் மட்டும் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. நாற்பது வயதுக்குள் பழைய நிறம் பெயருக்குக்கூட மிச்சமில்லை.

"சும்மா கிடைச்சிருக்கு உனக்கு. இந்தக் கலருக்கு ஜனங்க என்ன பாடு படுறாங்க" என்று சொன்னவர்களும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அம்மா அந்தக் காலத்தில் சினிமா கொட்டகையில் டிக்கெட் கொடுத்தவள். சுவரில் ஒரு துவாரம், அதற்கு இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கத்திலிருந்து கைகள் மட்டும் உள்ளே வரும். கையைப் பார்த்தே, "இது வேலைக்கு மட்டம் போட்டுட்டு வந்த கை", "இது வீட்டுல சண்டை போட்டுட்டு வந்த கை" என்று சொல்லிச் சிரிப்பாளாம். எழுபதைத் தாண்டியதும் அம்மாவின் ஞாபகம் அடித்தையல் விட்ட துணி மாதிரி ஓரத்திலிருந்து பிரிய ஆரம்பித்தது. கடைசி வருஷங்கள் முதலில் போயின. மகள் வெளுத்துப்போன வருஷங்களும் அவற்றோடு போய்விட்டன.

ஒரு நாள் காலையில் டீ கொண்டுவந்து வைத்தவளை அம்மா மரியாதையாகப் பார்த்தாள். "நீங்க யாரும்மா? என் பொண்ணு எங்க?"

"நான்தாம்மா. கருப்பி."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லா இருக்கே கதை. உன்னைப் பாத்து எவளாவது கருப்பின்னு சொல்வாளா?"

அன்றிலிருந்து அவள் வெள்ளையம்மா. அம்மாவைப் பார்த்துக்கொள்ள யாரோ அனுப்பிவைத்த பெண். நல்ல பெண்தான், ஆனால் சொந்தப் பெண் இல்லை. அவள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் கீழ்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்துகொள்வாள். சாயங்காலம் படியேறி வருகிறவளை, "வா வெள்ளையம்மா, கருப்பிய வழியில பாத்தியா?" என்று கேட்பாள் அம்மா.

கடை முதலாளி ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். வெயில் காலத்தில் அவள் முகம் திட்டுத்திட்டாகச் சிவந்துவிடுகிறது, வருகிறவர்கள் ஃப்ரேமை விட்டுவிட்டு அதையே பார்க்கிறார்கள். "தப்பா நினைக்காதம்மா. முகத்துக்கு ஏதாவது லேசா போட்டுக்கிட்டா உனக்கும் நிம்மதியா இருக்கும்."

அடுத்த தெருவில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். அழகு சாதனப் பொருட்கள் பக்கம் நிற்கிற பெண்ணை எல்லோரும் மை அக்கா என்பார்கள், கண்ணுக்கு அவ்வளவு மை. அவள் வந்தவளை ஸ்டூலில் உட்காரவைத்து, மூன்று குப்பிகளைத் திறந்து, தாடையோரம் மூன்று கோடு இழுத்தாள். பிறகு கையைப் பிடித்துக் கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உள்ள இருக்கிற லைட்ட நம்பாதீங்க, அது பொய் சொல்லும். வெளிச்சத்துல எந்தக் கோடு காணாமப் போகுதோ அதுதான் உங்களுது. கொஞ்சம் பொறுங்க. சிலது காத்து பட்டதும் கருத்துடும்."

இரண்டு கோடுகள் நின்றன. ஒன்று ரோஜா நிறத்தில் துருத்திக்கொண்டு தெரிந்தது, இன்னொன்று மஞ்சள் தட்டிப்போனது. மூன்றாவது இருந்த இடமே தெரியவில்லை.

"இருக்கிறதுலயே விலை குறைஞ்சது இதுதான்" என்றாள் மை அக்கா, தனக்கே கொஞ்சம் ஆச்சரியம் போல. "வெளுத்த தோலுக்குன்னே வந்த ஃபவுண்டேஷன். தண்ணியா இருக்கும், ரெண்டு சொட்டு போதும். யோகம்தான் உங்களுக்கு."

அவள் குப்பியை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு கேட்டாள், "கருப்புக்கு இருக்காக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

மை அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கடையில் வேறு ஆள் இல்லை. இவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது. மை அக்கா கீழ்த்தட்டில் குனிந்து தேடி, தூசி படிந்த ஒரு குப்பியைத் துடைத்து எடுத்தாள்.

"நேரா பூசினீங்கன்னா சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். முதல்ல அந்த வெள்ளைய மெல்லிசா தடவிக் காயவிடுங்க. அதுக்கு மேல இத ஸ்பாஞ்சால ஒத்தி ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க."

விடுமுறை நாள் காலையில் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சொன்னபடியே செய்தாள். நெற்றியில் தொடங்கி, கன்னத்தில் இறங்கி, கண்ணுக்குக் கீழே விரல் நுனியால் ஒத்தினாள். நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்த கருப்பி இளம் பெண். வாயோரம் கோடு விழுந்த, கண்ணுக்குக் கீழே லேசாகத் தொங்கிப்போன கருப்பியை அவள் பார்த்ததே இல்லை. வெளுக்காமல் இருந்திருந்தால் இவள்தான் தினமும் கடைக்குப் போயிருப்பாள், இவள்தான் படியேறி வந்திருப்பாள். அம்மாவின் சாயல் வேறு அப்படியே இறங்கியிருந்தது. விட்டுப்போன சொந்தக்காரியைப் பார்க்கிற மாதிரி அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அறைக்குள் வந்தபோது அம்மாவின் கண் மலர்ந்தது. உதடு ஏதோ சொல்லத் தொடங்கியது. அதற்குள் பார்வை டீ தம்ளரை நீட்டிய கைக்கு இறங்கிவிட்டது. வெள்ளைக் கை.

அம்மா பின்னால் நகர்ந்தாள். "என்ன வெள்ளையம்மா, முகத்துல என்னத்த அப்பிக்கிட்டு வந்திருக்க? என் பொண்ணு மாதிரி வேஷம் கட்டுறியா?"

"இல்லம்மா..."

"வேணாம். இதெல்லாம் விளையாட்டு இல்ல."

அன்றைக்குப் பூராவும் அம்மா அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் மறுநாளே கோபம் மறந்துபோனது. மறதியில் அது ஒரு வசதி. வெள்ளையம்மா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்க, அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். எல்லாம் மகளைப் பற்றித்தான். அவள் படிப்பு, அவள் கோபம், காய்ச்சலில்கூட அழாத பிடிவாதம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது சரிதான், ஆனால் இந்தக் குஞ்சு தன்னைப் பொன் என்று அம்மா சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா அப்படிப் பேசுகிறவளே இல்லை.

"உனக்கு ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லிடாத" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "பொண்ணு பாத்துட்டுப் போனாங்களே, அவங்க வீட்டுக்கு நான் போனேன். அவளுக்குத் தெரியாம. வாசல்லயே நிக்க வச்சுப் பேசினாங்க. ஒரு புள்ளிதானேன்னு கெஞ்சினேன். நான் யார்கிட்டயும் கெஞ்சினவ இல்ல வெள்ளையம்மா."

அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "என்ன சொன்னாங்க?"

"என்னத்த சொல்ல. என் தங்கத்த வேணாம்னவன் குருடன். போகட்டும்."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஆசை அதிகமானது. இந்த அம்மாவின் முன்னால் ஒரு தடவையாவது கருப்பியாக நிற்க வேண்டும். கூப்பிட்டால், என்னம்மா என்று கேட்க வேண்டும்.

அடுத்த விடுமுறை நாளில் கழுத்து, காது, முழங்கை வரைக்கும் இரண்டு கைகள், விரலிடுக்கு எதையும் விடவில்லை. காய்வதற்காகக் கைகளை விரித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். பிறகு போய் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் தெரியும்படி வைத்துக்கொண்டாள்.

அம்மா முதலில் கைகளைத்தான் பார்த்தாள். அப்புறம் முகம்.

"வந்துட்டியாடி கருப்பி" என்றாள்.

எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"இத்தனை நாள் எங்க போன? ஆள் அனுப்பி வச்சுட்டா ஆச்சா? பெத்தவ எப்படி இருக்கான்னு ஒரு எட்டு வந்து பாக்கக் கூடாதா?"

"தப்புதாம்மா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அம்மா அவள் கையைப் பிடித்தாள். விட்டபோது உள்ளங்கையில் பழுப்பாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "கை கழுவுற பழக்கமே கிடையாது உனக்கு" என்று சொல்லிப் போர்வையில் துடைத்துக்கொண்டாள். அந்தத் திட்டுக்காகவே இன்னும் பத்துக் குப்பி பூசலாம் போலிருந்தது.

அப்புறம் அம்மா மௌனமாகிவிட்டாள். கொட்டகையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற அம்மா இப்படித்தான் இருப்பாள். சாப்பிட்டியா, படிச்சியா, அதற்குமேல் பேச்சில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அந்த வெள்ளையம்மாவ எங்க இன்னைக்குக் காணோம்? அவ இருந்தா நல்லா பொழுது போகும்."

"வருவாம்மா. நான் போய் அனுப்புறேன்."

குளியலறையில் அவள் சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பழுப்புத் தண்ணீர் ஓடியது. தோல் அரித்தது, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டு, வெளுத்த தோலுக்கான அந்த மலிவுக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துச் சிவப்பை மறைத்துக்கொண்டு வந்தாள்.

அம்மா உற்சாகமாக எழுந்து உட்கார்ந்தாள். "வா, வா. சித்த முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம். என் பொண்ணு வந்திருந்தா."

"அப்படியா? எப்படி இருக்காங்க?"

"இளைச்சுட்டா. அவளுக்கும் வயசாகுதில்ல. ஆனா அந்தக் கலர் இருக்கே, அது அப்படியே இருக்கு."

"நிறைய பேசினீங்களா?"

அம்மா உதட்டைப் பிதுக்கினாள். "எங்க. உன்கிட்ட சொல்ற மாதிரி அவகிட்ட சொல்ல வராது. நேர்ல பாத்தா எனக்கு வாயடைச்சுப் போயிடும். எப்பவும் அப்படித்தான்."

அதன்பிறகும் சில விடுமுறை நாட்களில் கருப்பி வந்தாள். அடிக்கடி பூச வேண்டாம் என்று தோல் டாக்டர் சொன்னதால் எப்போதாவது ஒருநாள். வந்த எல்லா நாளும் அம்மா அடையாளம் கண்டாள் என்று சொல்ல முடியாது. வெள்ளைக் குப்பி மட்டும் தினமும் காலையில் திறக்கப்பட்டது. கடையில் யாரும் இப்போது அவளை உற்றுப் பார்ப்பதில்லை. எவ்வளவு பூசினால் போதும் என்று கைக்குப் பழகிவிட்டது.

மழைக்காலம் தொடங்கியபோது அம்மா பேசுவது குறைந்தது. கருப்பியைப் பற்றிய கதைகளும் பாதியில் நின்றுபோயின. ஒரு மாலை, நனைந்த குடையை வெளியே விரித்து வைத்துவிட்டு அவள் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நீயும் போயிடாத வெள்ளையம்மா" என்றாள். "அவ வர்ற வரைக்கும் இரு."

"இருக்கேம்மா" என்றாள் அவள்.