மிக்கேல் அண்ணன் சுரண்டிய துப்பாக்கி

முத்தியால்பேட்டையில் ஸ்கூட்டர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர் மிக்கேல் அண்ணன். அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். அவர் அடித்த பெயிண்ட் உரிந்துவிட்டது என்று இதுவரை யாரும் வந்து சண்டை போட்டதில்லை. அந்தப் பெருமைதான் போன மாதம் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

அவர் வீட்டில், பல குழல்கள் ஒன்றாகச் சுழலும் ஒரு பழைய துப்பாக்கி உண்டு. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அப்பாவின் கல்லறைச் சிலுவைக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டு, டப்பாவில் மிஞ்சியதைத் துப்பாக்கிக்கும் அடித்துவிடுவார். முப்பது வருடமாக அப்படித்தான்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு ஜெயில் என்று சாரம் பகுதியில் இருக்கும் அவருடைய அக்கா வேளாங்கண்ணிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அக்கா ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

"டேய், ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் நானே பையில போட்டுகினு போயி ஸ்டேஷன்ல குடுத்துடுவேன்."

"கொள்ளுத்தாத்தா துப்பாக்கிக்கா அது."

"அவரா ஜெயிலுக்குப் போவப் போறாரு? நீதான போவ."

கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தார், முதல் உலகப் போரில் இதை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டை போட்டார் என்று மூன்று சம்பந்தி வீடுகளில் சொல்லி வைத்திருப்பவரும் இதே அக்காதான்.

அருங்காட்சியகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கலியபெருமாளைத் தேடிக் கருவடிக்குப்பம் போனோம். அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னப்பா, கேட்டுக்கு அடிக்கிற மாதிரி அடிச்சி வச்சிருக்க. எங்கியாவது முத்திர இருக்கும், சொரண்டிக் கொண்டா. ரொம்பப் பழசுன்னா லைசென்ஸ் வேணாம், எழுதித் தரேன், ஸ்டேஷன்ல காட்டலாம்."

தின்னரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டினார் மிக்கேல் அண்ணன். பிளேடு வைத்தால் முத்திரையும் சேர்ந்து போய்விடும். "எவன்டா இவ்ளோ கெட்டியா அடிச்சான்" என்று முணுமுணுத்தவர், என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம், முட்டை வடிவக் கோட்டுக்குள் மூன்று எழுத்தும் ஒரு நட்சத்திரமும் தெரிந்தன.

"பெல்ஜியம். லியேஜ்னு ஒரு ஊரு, அங்க சோதன பண்ணி அடிக்கிற முத்திர" என்றார் கலியபெருமாள். குழல்களுக்குப் பின்னால் இருந்த சின்ன முளைகளைக் காட்டினார். "தீபாவளிக் கேப்பு மாதிரி ஒண்ண இதுமேல சொருவி அடிக்கணும். விசையப் பாரு, வளையமா இருக்கு. இது சுலுவுல கெடைக்காது. நீ சொல்ற போருக்கு அறுவது வருஷம் முந்தினது. அப்ப எந்தச் சொல்தாவும் இத எடுத்துகினு போயிருக்க மாட்டான்."

அவர் எழுதிக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் அண்ணன். தாளைக் காட்டினால்தான் துப்பாக்கி வீட்டில் தங்கும். காட்டினால் அக்காவுக்குக் கொள்ளுத்தாத்தாவின் சண்டை போய்விடும்.

ஞாயிறு பூசை முடிந்து, கையில் துணிப்பையோடு அக்கா வந்தார். அண்ணன் தாளைக் கொடுத்து, எதையும் மறைக்காமல் சொன்னார். அக்கா இரண்டு முறை படித்தார்.

"அப்ப அவரு சுடவே இல்லியா?"

"இத வச்சி சுட்டிருக்க மாட்டாருக்கா. எங்கியாவது வாங்கியிருப்பாரு."

"எதுக்குடா?"

"அழகா இருக்குல்ல."

அத்தனை வருடமும் தொடப் பயந்த துப்பாக்கியை அக்கா எடுத்து, அந்த வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக வைத்துவிட்டு, துணிப்பையை நாலாக மடித்தார்.

"ஸ்டேஷன்ல தாளக் காட்டிட்டு வூட்லியே வச்சிக்க. ஆனா சம்பந்தி வூட்டாளுங்ககிட்ட பெல்ஜியம் கில்ஜியம்னு வாயத் தொறக்காத."

"சரிக்கா."

"ஒனக்குந்தான் தம்பி" என்று என் பக்கம் திரும்பினார்.