தட்டோடு போன பெற்றோர் கூட்டம்

பள்ளிக்கூடத்திலிருந்து போனுக்கு வரும் செய்திகளை எங்கள் வீட்டில் நான்தான் படிக்க வேண்டும். கன்னடத்தில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி வரும். படித்துவிட்டு அக்காவுக்குத் தமிழில் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் உலகத்தில் எந்த எழுத்தைக் காட்டினாலும் நான் படித்துவிடுவேன் என்பது அக்காவின் நம்பிக்கை. ஒருமுறை பொம்மைப் பெட்டியின் மேலிருந்த சீன எழுத்தை நீட்டி, "இன்னா போட்டிருக்கான் பாரு" என்றாள்.

அந்த ஏப்ரலில் வந்த செய்தி இதுதான். ஆண்டு முடிகிறது, சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், அடுத்த ஆண்டு என்னென்ன மாறுகிறது என்று சொல்வார்கள், மூன்றாங்கிளாஸ் மிஸ்ஸை அறிமுகப்படுத்துவார்கள், குடும்பத்தோடு வரவும். அக்கா மகள், அதாவது என் மருமகள், இரண்டாங்கிளாஸ் முடித்திருந்தாள்.

என்னென்ன மாறுகிறது என்பதில் எங்களுக்கு ஒரே ஒரு கவலைதான். மூன்றாங்கிளாஸிலிருந்து காலை எட்டு மணிக்கே மணி அடிக்கப்போகிறார்கள் என்று எங்கள் ஏரியா ஜோகுபாளையம் முழுக்கப் பேச்சு. அக்காவுக்கு ஓர் ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. விடியும் முன்பே வேன் வந்துவிடும். அவள் வீட்டுக்காரர் ஏர்போர்ட் டாக்ஸி ஓட்டுகிறார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. எனக்குப் போனில் பதில் சொல்லும் வேலை, சாயங்காலம் தொடங்கி நடுராத்திரி தாண்டி முடியும். ஒன்பதரை மணிப் பள்ளிக்கூடத்துக்கு நான் எழுந்து பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதே பெரிய விஷயம். எட்டு மணி என்றால் பிள்ளையை ஊருக்கு வெளியே சந்தாபுராவில் இருக்கும் நாத்தனார் வீட்டில் விட்டு, அங்கே இருக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக அக்கா முடிவெடுத்திருந்தாள்.

"சந்தாபுரால எனக்கு யாரையும் தெரியாது" என்றாள் மருமகள்.

"அத்தையத் தெரியும்ல?"

"தெரியும். அதான் வேணாங்கிறேன்."

சனிக்கிழமை காலை நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தபோது அக்கா பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். கட்டில்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கனகாம்பரம், ஒரு டப்பா மைசூர்பாகு.

"இன்னாக்கா இது?"

"புது மிஸ்ஸப் பாக்கப் போறோம். குடும்பத்தோட வரச் சொன்னாங்கன்னு நீதான சொன்ன? வெறுங்கைய வீசினு போவாங்களா?"

"பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு யாரும் தட்டு எடுத்துனு போமாட்டாங்கக்கா."

"நீ எத்தினி மீட்டிங் பாத்திருக்க?"

ஒன்றுகூடப் பார்த்ததில்லை. நான் படித்த காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் கூட்டத்துக்கு வந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் எங்காவது கட்டடத்தில் சென்ட்ரிங் வேலையில் இருப்பார்கள். மருமகளின் கூட்டங்களுக்கு அவள் அப்பா டாக்ஸியை வாசலில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவதோடு சரி. பெண் பிள்ளையை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதற்கு எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே முறை நிச்சயதார்த்தம். அக்கா அதையே மூன்றாங்கிளாஸுக்கும் எடுத்து வைத்துவிட்டாள்.

ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா தம்பி, உனக்குப் பொண்ணு பாக்கவா?"

"இல்ல அங்கிள்" என்றாள் மருமகள். "எனக்கு மிஸ் பாக்க."

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். ஹெட் மிஸ் கன்னடத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தார். நான் அக்கா காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்னாலிருந்து ஓர் அம்மா என் தோளைத் தட்டினார். "தம்பி, சத்தமாத்தான் சொல்லேன். உங்க அக்காவுக்கு மட்டுமா புள்ள படிக்குது?" அதன்பிறகு நான் பின்வரிசைகளுக்கு ரேடியோ ஆகிவிட்டேன்.

புதன்கிழமை வெள்ளைச் சீருடை இனி இல்லை, நீலம்தான் என்றேன். "நல்லா இருக்கட்டும் மகராசி" என்றார் பின்வரிசை அம்மா. "தோய்ச்சுத் தோய்ச்சுக் கையே வெளுத்துப்போச்சு." பிளாஸ்டிக் டிபன் டப்பா கூடாது என்றேன். பிறந்தநாளுக்குச் சாக்லேட் கூடாது என்றேன். "அப்ப எதுக்குப் பொறக்கிறது" என்றாள் மருமகள்.

அடுத்து ஹெட் மிஸ் சொன்னதைக் கேட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னாடா நிறுத்திட்ட?"

"சும்மா பொதுவா சொல்றாங்கக்கா."

"தம்பி முழுங்குறாரு" என்றார் பின்வரிசை அம்மா. அந்த அளவுக்கு அவருக்குக் கன்னடம் வரும். "மிஸ்ஸுங்களுக்கு எதுவும் எடுத்துனு வரக்கூடாதாம். பூகூட வேணாமாம். அடுத்த வருசத்துலேருந்து."

பின்வரிசைகள் மொத்தமும் அக்காவின் மடியைப் பார்த்தன. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அடுத்த வருசத்துலேருந்துதான? இன்னிக்கு இந்த வருசம்தான?"

பின்வரிசைகள் சிரித்தன. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஹெட் மிஸ் நேரத்தைச் சொல்லிவிட்டார். மூன்றாங்கிளாஸிலிருந்து எட்டு மணி. கேட் மூடினால் மூடினதுதான். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவரின் படம் போட்ட அட்டை ஒன்று தருவார்கள். அதைப் பார்த்துத்தான் வாட்ச்மேன் பிள்ளையை வாங்கிக்கொள்வார். படத்தை இன்றைக்கே புது மிஸ்ஸிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு மணி என்பதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அக்கா தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மருமகள் பெஞ்சில் யாரோ கீறி வைத்திருந்த மீனை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புது மிஸ்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். அக்கா தட்டை நீட்டியதும், "பேடம்மா, பேட" என்று கன்னடத்தில் மறுத்து, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு பின்னால் போய்க் கரும்பலகையில் மோதிக்கொண்டார். அக்காவும் விடவில்லை; நிச்சயதார்த்தத்தில் முதல் தடவை மறுப்பது மரியாதை என்று அவளுக்குத் தெரியும். இருவரும் மேசையைச் சுற்றி வரத் தொடங்கியபோது ஹெட் மிஸ் நடுவில் வந்தார். தட்டிலிருந்த கனகாம்பரத்தை எடுத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷத்துலேருந்துதானே?" என்றார், நல்ல தமிழில். "மத்ததெல்லாம் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுங்கம்மா." பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா சொன்னீங்க, சார். சாக்லேட்டுக்குப் பதிலா மரக்கன்று குடுக்கலாம்னு சொன்னதை மட்டும் விட்டுட்டீங்க" என்றார். எனக்கு அந்தக் குட்டி பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம்போல் இருந்தது.

மருமகள் தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு மைசூர்பாகு கொடுக்கப் போனாள். புது மிஸ்ஸுக்கும் கொஞ்சம் தமிழ் வந்தது. போனை எடுத்தார். "காலையில யாரு கூட்டிட்டு வர்றீங்க? அவங்க செவுத்துப் பக்கம் நில்லுங்க."

"யாரும் வரல மிஸ்" என்றாள் அக்கா. "டீசி குடுத்துடுங்க. ஊரு மாத்துறோம்."

மருமகள் கேட்டுவிட்டாள். நீட்டிய தட்டோடு அப்படியே நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் சும்மா பார்த்தாள்.

நான் போய்ச் சுவர் ஓரமாக நின்றேன்.

"இன்னாடா பண்ற?" என்றாள் அக்கா. "எட்டு மணி ஸ்கூலுக்கு உன்னை எழுப்ப ஆள் வெக்கணும்."

"தூங்கினாத்தான எழுப்பணும். வேலை முடிஞ்சு வந்து படுக்காம உக்காந்திருக்கேன். இவள உட்டுட்டு வந்து தூங்கறேன்."

"ஒரு வாரம் செய்வ."

"செஞ்சு பாக்கறேன். முடியலன்னா சொல்றேன். சந்தாபுரா அங்கியேதான இருக்கும்."

அக்கா கிட்டே வந்தாள். என் காலரை இழுத்துவிட்டு, கலைந்திருந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கினாள். "நேரா நில்லு" என்றாள். டீசியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

மிஸ் படம் எடுத்தார். பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். படத்தில் எனக்கு இரண்டு கண்ணும் மூடியிருந்தன. "இன்னொண்ணு எடுத்துடலாம் சார்."

மருமகள் எக்கிப் போனுக்குள் பார்த்தாள். வாய் நிறைய மைசூர்பாகு.

"இதையே வைங்க மிஸ். காலையில மாமா இப்படித்தான் வருவாரு. கண்ணத் தொறந்து எடுத்தீங்கன்னா வாட்ச்மேன் வேற ஆளுன்னு நினைச்சுப்பாரு."