மணந்து பார்த்து ஊற்றும் தண்ணீர்

பிள்ளைகளுக்கு,

நேற்றுப் பின்னேரம் நீங்கள் இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். மீன் கழுவின தண்ணீரை அவர் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு வாழையடியில் ஊற்றினபோது, சின்னவன் தானும் ஒரு கோப்பையைத் தூக்கி மணந்து காட்டினான். மூத்தவள் கேட்டாள், "ஊத்தைத் தண்ணியில என்னம்மா வாசம் பாக்கிறீங்கள்? பாயசமோ?"

எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. குசினிக்குள் போனவர் சாப்பாட்டுக்கும் எங்களோடு வந்து இருக்கவில்லை.

மூத்தவள் அதோடு விடவில்லை. வேலியால் எட்டி, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். "எனக்கென்னடி தெரியும்? கொம்மா சின்னனிலயிருந்தே அப்பிடியோ என்னவோ" என்று பெரியம்மா சொன்னார். கிணற்றடியில் நின்ற நான் உடனே அவளை வீட்டுக்குள் கூப்பிட்டேன்.

இந்தக் கேள்வியை இனிப் பெரியம்மாவிடம் கேட்கக் கூடாது. ஏன் என்று வாயால் சொல்ல எனக்கு ஏலாது. எழுதினால் இடையில் எழும்பிப் போய்விட்டு வந்து தொடரலாம். நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தி வாசிக்கட்டும்.

உங்களுக்கு முந்தி ஒருத்தி இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குப் படம் இல்லை. ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோவோம், அடுத்த தீபாவளிக்குப் போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அவள் பிறந்து துடக்குக் கழித்த அன்று அம்மா முற்றத்தில் ஒரு தென்னங்கன்றை நட்டார். பிள்ளையை முழுகவார்த்த தண்ணீரைத்தான் அதற்கு முதல் தண்ணீராக ஊற்றினார். எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு பழக்கம். பிள்ளையும் கன்றும் ஒன்றாய் வளரும், பிள்ளை பெரியபிள்ளையாகும்போது தென்னை காய்க்கும் என்பார்கள். அவள் தவழ்ந்து போய் அந்தக் கன்றின் ஓலையைப் பிடித்து இழுப்பாள். "அது உன்ட தம்பியடி, அடியாத" என்று அம்மா சொல்வார்.

அவள் நடக்கத் தொடங்கின வருசம் வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்தன. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. குழந்தைப்பிள்ளை என்றபடியால் கல் வைக்கவில்லை, கடற்கரைச் சுடலையில் புதைத்தோம். அடுத்த மாரியில் கடல் ஏறி மணலைப் புரட்டிவிட்டது. நானும் அம்மாவும் போய்த் தேடினோம். இடம் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா நேரே அந்தத் தென்னையடியில் போய் இருந்தார். அவளை நினைத்துப் போய் இருக்க எங்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

பிறகு மூத்தவள் பிறந்தாள். அவள் கைப்பிள்ளையாக இருந்தபோதுதான் அந்தப் பெரிய கோடை வந்தது. கச்சான் காற்று வீச வீச எங்கள் வரிசை வீடுகளின் பொதுக் கிணறு கீழே போய்க்கொண்டே இருந்தது. துறைமுகத்துக் கயிற்று ஸ்டோரில் எனக்கு வேலை. கழித்துவிட்ட கயிற்றுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து வாளிக் கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டிக்கொண்டே போனேன். கடைசியில் எல்லோரும் கூடிக் கதைத்து ஒரு முடிவெடுத்தார்கள்: வீட்டுக்கு இத்தனை வாளிதான், குடிக்கவும் சமைக்கவும் உடம்பு கழுவவும் மட்டும். மரத்துக்கும் செடிக்கும் ஒரு சொட்டும் இல்லை.

அம்மா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரும் ஒரு வேலையோடு போகவில்லை. அரிசி கழுவின தண்ணீரில் மரக்கறி கழுவுவார், அதில் மீன் கழுவுவார், பிறகு அது தென்னைக்குப் போகும். பாத்திரத்தைச் சவர்க்காரம் இல்லாமல் சாம்பலும் தேங்காய்த் தும்பும் கொண்டு தேய்ப்பார், அந்தத் தண்ணீரும் தென்னைக்கு. சவர்க்காரத்துக்குக் கியூவில் நின்ற காலம் என்பதால் அது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. தென்னையைச் சுற்றி ஓலைக் கிடுகு கட்டி மறைத்து, எல்லோரும் அங்கே நின்றுதான் மேல் கழுவினோம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கை கழுவுவதும் அங்கேதான்.

இலங்கைத்துறையிலிருந்து உங்கள் மாமா கருவாட்டோடு ஒருநாள் வந்தார். சாப்பிட்டுவிட்டுக் குசினி வாசலில் கையை நீட்டினார்.

"அண்ணன், தென்னையடிக்குப் போங்கோ" என்றார் அம்மா.

"இதென்ன இது? துறைமுகத்துக்குள்ள போகத்தான் பாஸ் கேக்கிறாங்கள். தங்கச்சி வீட்டில கை கழுவவும் பாஸ் எடுக்கோணுமோ?"

"பாஸ் இருக்கு. வாயைக் கொப்புளிக்கிறதும் அங்கதான்."

"வெத்திலைத் துப்பலும் வேணுமோ?"

"அது வேண்டாம். அதை உங்கட ஊருக்குக் கொண்டு போங்கோ."

அந்தப் பிள்ளை போனபிறகு அம்மா பகிடி விட்டதை நான் அன்றுதான் கேட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பாவுக்கு அப்போதும் கப்பல் எண்ணெய் சேர்த்துவைக்கும் சீனன்குடாத் தாங்கிகளில்தான் வேலை. அவர்கள் முற்றத்து முருங்கையும் கருகி நின்றது. வரிசையில் எங்கள் தென்னை மட்டும் பச்சையாக நின்றது. அதைப் பார்த்தவர்கள் விடியமுதல் அம்மா எழும்பிப் போய்க் களவாகத் தண்ணீர் அள்ளுகிறார் என்று கதைக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் கிணற்றடியில் எல்லோருக்கும் முன்னால் பெரியம்மா கேட்டுவிட்டார்.

"செத்த பிள்ளையின்ட மரத்துக்கு ஊத்த இருக்கு, உயிரோட இருக்கிற பிள்ளையளுக்குக் குடிக்க இல்லை. இது ஞாயமோடி?"

 என் கையில் கயிறு இருந்தது. நான் ஏதும் சொல்லிவிடுவேனோ என்று அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவிடம் சொன்னார்: "அக்கா, நாளைக்கு விடிய என்ட வீட்ட வாங்கோ. பொழுதுபடுமட்டும் இருங்கோ. நான் என்ன ஊத்துறன் எண்டு உங்கட கண்ணால பாருங்கோ."

பெரியம்மா உண்மையாகவே வந்துவிட்டார். குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டுப் பொலிஸ்காரி மாதிரி இருந்தார். அரிசி கழுவினதையும் மீன் கழுவினதையும் அது போன இடத்தையும் பார்த்தார். மூத்தவளைத் தென்னையடியில் வைத்து முழுகவார்த்ததைப் பார்த்தார். நான் வேலையால் வந்து அங்கே நின்று கால் கழுவினதையும் பார்த்தார். உடுப்புத் தோய்த்த சவர்க்காரத் தண்ணீரை அம்மா வேலியடியில் ஊற்றிவிட்டு, கடைசியாக அலசின தண்ணீரை மட்டும் தென்னைக்குக் கொண்டு போனார். கீழே ஒரு கையை ஏந்திக்கொண்டு, வழியில் சிந்தாமல் போனார்.

பொழுதுபட்டது. பெரியம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"இவ்வளவுதானோ பிள்ளை?"

"இவ்வளவுதான் அக்கா."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று இருட்ட முன்னர் தன் வீட்டில் முகம் கழுவின தண்ணீரை ஒரு பேசினில் ஏந்திக்கொண்டு வந்து தென்னைக்கு ஊற்றினார். அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: "சவர்க்காரத் தண்ணி மட்டும் வேண்டாம் அக்கா. கண்டுக்குக் கூடாது."

மற்ற வீட்டுக்காரரும் பார்த்துவிட்டுத் தொடங்கினார்கள். தங்கள் வீட்டு மரத்துக்குப் போக மிஞ்சினதை எங்கள் தென்னைக்குக் கொண்டு வருவார்கள். கடைசி வீட்டுப் பெடிச்சி "எங்கட வீட்டு மூஞ்சி கழுவின தண்ணி, மரம் வடிவா வரும்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றுவாள். வரிசை முழுக்க முருங்கையும் வாழையும் திரும்பத் துளிர்த்தன. ஒரு சொட்டும் கழிவுத் தண்ணீர்க் கானுக்குள் போகவில்லை. சின்னச் சின்ன வேலைதான், எல்லோரும் செய்தால் இவ்வளவு நடக்குமோ என்று நான் அதிசயப்பட்டேன். அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்தக் கொஞ்சக் காலத்துக்காகவும் நான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

மாரி தொடங்கியது. மற்ற மரங்கள் செழித்தன. எங்கள் தென்னையின் ஓலை மட்டும் மஞ்சளாகிப் பிறகு மண்ணிறமாகிக் கீழே தொங்கியது. எரு போடலாம் என்று அடியைக் கொத்தினேன். உள்ளே மண் கறுத்துக் கட்டியாக இருந்தது. அம்மா ஒரு பிடி எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.  பிறகு என்னிடம் நீட்டினார். மண்ணெண்ணெய். அதற்குள் தாங்கி எண்ணெயின் மணமும் இருந்தது.

யார், எப்படி என்று நாங்கள் யோசித்து முடிக்கவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து பெரியம்மா பேசினோடு வந்தார்.

"இண்டைக்கும் சவர்க்காரம் படாமல் எடுத்து வைச்சனான் பிள்ளை."

பெரியப்பாவின் வேலை உடுப்பில் படியும் கறுப்பு எண்ணெய் லேசில் போகாது. மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அடித்தால்தான் கழலும். சவர்க்காரம் அதற்குப் பிறகுதான். அந்த முதல் தண்ணீரில் சவர்க்காரம் இல்லை. ஆகவே அதுதான் நல்ல தண்ணீர் என்று நினைத்து, கோடை முழுக்க அதைச் சிந்தாமல் கொண்டுவந்து எங்கள் பிள்ளையின் மரத்துக்கு ஊற்றியிருக்கிறார். கிணற்றடியில் கேட்ட அந்தக் கேள்விக்குக் கழுவாய் மாதிரி, ஒருநாளும் தவறாமல். உடுப்பிலும் விளக்கிலும் அதே எண்ணெய் மணத்தோடு இருந்த எங்களுக்கு அந்த மணம் தட்டுப்படவேயில்லை.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். மண் ஒட்டின கை, நன்றாய் இறுக்கினார். பிறகு எழும்பிப் போய்ப் பேசினை இரண்டு கையாலும் வாங்கினார்.

"தாங்கோ அக்கா, நான் ஊத்துறன். நீங்கள் போய் அண்ணைக்குச் சாப்பாட்டைக் குடுங்கோ."

பெரியம்மா போனபிறகு அம்மா அந்தப் பேசினை வைத்துக்கொண்டு முற்றத்தில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். தென்னைக்கும் ஊற்ற ஏலாது. கிணற்றுப் பக்கமும் போக ஏலாது.

"சொல்லத்தானே வேணும்" என்றேன்.

"சொல்லாதீங்கோ. பிள்ளையில்லாத மனுசி. தன்ட கையாலதான் போச்சு எண்டு தெரிஞ்சால் தாங்க மாட்டா. ஒரு பிள்ளையைக் குடுத்திட்டு இருக்கிற பாரம் எனக்குத் தெரியும். அது அவவுக்கும் ஏன்?"

தென்னை பிழைக்கவில்லை. ஒருநாள் காலை அம்மா குருத்தைத் தொட்டுப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகின மணம். அம்மா அந்தக் குருத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார், முந்தி ஒருநாள் ஆஸ்பத்திரியில் இருந்த மாதிரியே. பெரியம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். "எவ்வளவு ஊத்தினம் பிள்ளை! ஏன் இப்பிடிப் போச்சுது?"

"ஓம் அக்கா. எல்லாரும் ஊத்தினம்" என்றார் அம்மா. 

கிணற்றுக்குத் தூரமாக, பின்வேலி மூலையில் நான் ஒரு கிடங்கு வெட்டினேன். வள்ளம் கட்டுகிற இடத்தில் சும்மா கிடந்த மரத்தூளைக் கொண்டுவந்து நிரப்பினேன். எண்ணெயை மரத்தூள் குடித்துவிடும். அதைக் காயவைத்து அம்மா அடுப்பு மூட்டுகிறார். எங்கள் அடுப்பு ஏன் சட்டென்று பற்றுகிறது என்று சின்னவன் கேட்டானே, அதனால்தான். தென்னை நின்ற இடத்தில் அம்மா பிறகு ஒன்றும் நடவில்லை. நீங்கள் அதில் மாபிள் குண்டு உருட்டி விளையாடுகிறீர்கள். அம்மா விளையாட விட்டிருக்கிறார். இந்தப் பிள்ளைகளும் அங்கே இருக்கட்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

பெரியம்மா இன்றும் நம் வாழைக்கென்று பேசினில் தண்ணீர் கொண்டு வருகிறார். அம்மா இன்றும் இரண்டு கையாலும் வாங்குகிறார். பெரியம்மா திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்று, பிறகு மணந்து பார்க்கிறார். நல்ல தண்ணீர் என்றால் வாழைக்கு, எண்ணெய் மணம் வந்தால் கிடங்குக்கு. தன் சட்டித் தண்ணீரையும் இப்போது மணந்துதான் ஊற்றுகிறார். மூக்கு அப்படிப் பழகிவிட்டது.

தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அம்மாவைப் பார்த்து அது உங்களுக்கு வந்துவிட்டது. கோப்பையில் மிஞ்சினதைக்கூட நீங்கள் செடிக்குத்தான் கொண்டு போகிறீர்கள். ஊற்ற முன்னர் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அன்பாக ஊற்றினாலும் பாருங்கள்.

இதை வாசித்து முடித்ததும் அடுப்புக்குள் போட்டுவிடுங்கள். இன்று பின்னேரமும் பெரியம்மா வேலிப் பொட்டால் வருவார், உங்களுக்கு ஏதும் பலகாரம் கொண்டு வருவார். வாங்கிச் சாப்பிடுங்கள். மூத்தவளே, ஓடிப்போய் அவர் கையிலிருந்து பேசினை நீயே வாங்கு. அவர் போகும்வரை சிரித்துக் கதைத்துக்கொண்டு நில். பிறகு அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடு.